கரப்ட் ஆன ஆக்சஸ் ஃபைலை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் செய்த ஃபைல் திறக்கவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ பட்டனை அழுத்துவதுதான். சரியான கருவிதான், ஆனால் அதை அழுத்துவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. அந்தக் கருவி, சேதமான டேபிளில் (தகவல்களை வரிகளாக வைத்திருக்கும் அட்டவணை) தன்னால் படிக்க முடியாததை வெட்டிவிட்டு மீதியை ஒழுங்காக எழுதிவைக்கும். ஃபைல் திறந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். காணாமல் போன ரெக்கார்டுகள், அதாவது டேபிளின் வரிகள், மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு படியையும் அதன் வரிசையிலேயே செய்யுங்கள். இங்கே சொல்வது ஏசிசிடிபி (.accdb), பழைய எம்டிபி (.mdb) இரண்டு வகை ஃபைல்களுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு ஆக்சஸ் நிறுவிய கணினி வேண்டும். ரன்டைம் பதிப்பு, அதாவது செய்துவைத்த ஃபைலை ஓட்ட மட்டும் உதவும் பதிப்பு, போதாது, அதில் புது ஃபைல் உருவாக்கி இறக்குமதி செய்ய முடியாது. ஃபைலை உருவாக்கிய பதிப்பு அல்லது அதைவிடப் புதியது இருந்தால் நல்லது.

வேலை செய்யும் கணினியின் சொந்த டிஸ்க்கில், ஃபைல் அளவைப்போல நான்கு மடங்காவது காலி இடம் இருக்கட்டும். ரிப்பேர் என்பது பழைய ஃபைலிலிருந்து ஒரு புது ஃபைலை எழுதுவது. நடுவில் இடம் தீர்ந்தால் அரைகுறை ஃபைல்தான் மிஞ்சும்.

பாஸ்வேர்டு இருந்தால் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கூடவே ஒரு பழைய ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதியையும் வாங்குங்கள்: கடைசி பில் எண், உறுப்பினர் எண்ணிக்கை, மாத மொத்தம் என்று ஏதாவது ஒன்று. இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ரிப்பேர் முடிந்தபின் எல்லாம் வந்ததா என்று ஒப்பிட வேறு எந்த அளவுகோலும் உங்களிடம் இருக்காது.

2. எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள்

பலர் பயன்படுத்தும் ஃபைல் என்றால், அது திறந்திருக்கும்போது அதே ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு பூட்டு ஃபைல் தோன்றும். ஏசிசிடிபி-க்கு அது எல்ஏசிசிடிபி (.laccdb), எம்டிபி-க்கு எல்டிபி (.ldb). கடைசி ஆள் மூடியதும் தானாக மறைந்துவிடும்.

எல்லோரும் மூடிய பிறகும் அது கிடந்தால் அழித்துப் பாருங்கள். அழிந்துவிட்டால் அது ஏதோ ஒரு கணினி பாதியில் அணைந்தபோது விட்டுப்போன மிச்சம். ‘ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று விண்டோஸ் மறுத்தால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ் கீழே ஓப்பன் ஃபைல்ஸ் பார்த்தால் யார் என்று தெரியும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பியே பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். அதனால்தான் இந்தப் படி காப்பி எடுப்பதற்கு முன்னால் வருகிறது.

3. இரண்டு காப்பி எடுங்கள்

ஒரு காப்பியை பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ வைத்து ‘ரீட் ஒன்லி’ ஆக்குங்கள். அதை இனி யாரும் திறக்கக் கூடாது. மற்றொன்று உங்கள் கணினியின் உள் டிஸ்க்கில், நீங்கள் வேலை செய்வதற்கு. நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்தபடியே ரிப்பேர் ஓட்டாதீர்கள். ஃபைல் உடைய அந்த நெட்வொர்க்கே காரணமாக இருந்திருக்கலாம்.

காப்பி எடுக்கும்போதே பிழை வந்து நின்றால் பழுது பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்கிறது. அப்போதும் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கைப் பழுது நீக்கச் சொல்லி ஓட்டாதீர்கள், அது டிஸ்க்கில் எழுதி மாற்றும். எடுக்க முடிந்த மற்ற ஃபைல்களை எல்லாம் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

இந்த இடத்திலேயே பேக்கப் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பாருங்கள். நேற்றைய நல்ல ஃபைல் கிடைத்தால் வேலை வெகுவாகக் குறையும். டேபிள்களின் அமைப்பு, ஃபார்ம்கள் (பதிவுத் திரைகள்), கோடு (நிரல்) எல்லாம் அதிலிருந்து வரட்டும், நேற்றைக்குப் பிறகு பதிந்த ரெக்கார்டுகளை மட்டும் உடைந்த ஃபைலிலிருந்து எடுத்தால் போதும். பேக்கப் இருக்கும்போது ஃபைல் முழுவதையும் மீட்கப் பாடுபடுவது வீண் உழைப்பு.

4. உண்மையிலேயே கரப்ட்தானா?

இதைப் பார்க்காமல் அரை நாளைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

‘இந்த டேட்டாபேஸ் வடிவம் தெரியவில்லை’ என்ற பொருளில் 3343 பிழை வந்தால், அது சேதமாகவும் இருக்கலாம், பதிப்பு வேறுபாடாகவும் இருக்கலாம். புது ஆக்சஸில் ‘லார்ஜ் நம்பர்’ போன்ற புதிய வகை ஃபீல்டு, அதாவது நெடுவரிசை, ஒன்றைச் சேர்த்திருந்தால் பழைய ஆக்சஸ் அந்த ஃபைலைத் திறக்காது. ஆக்சஸ் 97-இல் செய்த எம்டிபி ஃபைலை 2013-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் நேரடியாகத் திறப்பதில்லை. அதை முதலில் 2010 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் திறந்து மாற்ற வேண்டும்.

டேபிள் இல்லை, பாதை தவறு என்று பிழை வந்தால், அது பெரும்பாலும் லிங்க் செய்த பின்பக்க ஃபைலை, அதாவது டேபிள்கள் தனியாக இருக்கும் ஃபைலை, யாரோ நகர்த்திய விளைவு. லிங்க்டு டேபிள் மேனேஜரில் புதுப் பாதையைக் கொடுத்தால் முடிந்தது.

தமிழ் அலுவலகங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பெயர்களும் முகவரிகளும் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இது சேதம் இல்லை, எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். நிஜமாகவே சேதமான ரெக்கார்டு வேறு மாதிரி இருக்கும்: சீன எழுத்து போன்ற வடிவங்கள், வரிசையாக ஹேஷ் குறிகள், ‘டெலீட்டட்’ அல்லது ‘எரர்’ என்ற சொல், நடக்கவே முடியாத தேதி, கோடிக்கணக்கில் ஒரு தொகை. அதுவும் எல்லா வரிகளிலும் இருக்காது, ஓரிரு வரிகளில்தான் இருக்கும்.

5. விபிஏ எச்சரிக்கை வந்தால் கேன்சல்

திறக்கும்போது, விபிஏ ப்ராஜெக்டை, அதாவது ஃபைலில் உள்ள கோடு முழுவதையும், படிக்க முடியவில்லை, அதை நீக்கினால்தான் திறக்க முடியும் என்று ஒரு பெட்டி வரலாம். ஓகே அழுத்தினால் மாட்யூல், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாவற்றிலும் உள்ள கோடு முழுவதும் போய்விடும். அவசரத்தில் ஓகே அழுத்துவதுதான் வழக்கமான தவறு.

கேன்சல் செய்துவிட்டு, அந்த ஃபைலைச் செய்த கணினியிலோ புதிய ஆக்சஸ் உள்ள கணினியிலோ ஒரு காப்பியைத் திறந்து பாருங்கள். பதிப்பு வேறுபாட்டாலும் இதே பெட்டி வரும். அங்கே சாதாரணமாகத் திறந்தால் ஃபைலில் குறையே இல்லை.

6. காம்பாக்ட் அண்ட் ரிப்பேர், வேறு பெயரில்

திறந்திருக்கும் ஃபைலில் இந்தப் பட்டனை அழுத்தினால் முடிவு அதே பெயரில் பழையதன் மேலேயே உட்காரும். அப்போது முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. ஃபைலைத் திறக்காமல் ஓட்டும் முறையே நல்லது.

ஆக்சஸைத் திறந்து ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்குங்கள். ஃபைல் மெனுவில் க்ளோஸ் கொடுத்து அதை மூடுங்கள், ஆக்சஸ் மட்டும் திறந்திருக்கட்டும். பிறகு டேட்டாபேஸ் டூல்ஸ் பட்டையில் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் டேட்டாபேஸ்’ அழுத்துங்கள். எந்த ஃபைலிலிருந்து என்று முதல் பெட்டி கேட்கும், உங்கள் வேலைக் காப்பியைக் காட்டுங்கள். எந்த ஃபைலுக்குள் என்று அடுத்த பெட்டி கேட்கும், அங்கே புதுப் பெயர் கொடுங்கள்.

பெரிய ஃபைல் என்றால் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரலாம். உடனே டாஸ்க் மேனேஜரைத் திறந்து கொல்லாதீர்கள். ஃபோல்டரைப் புதுப்பித்துப் பாருங்கள், புது ஃபைலின் அளவு கூடிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

முடிந்ததும் புது ஃபைலை ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி திறங்கள். அப்போதுதான் தானாக ஓடும் ஃபார்ம்களும் கோடும் குறுக்கே வராது. அடுத்து, இடப்பக்கப் பட்டியலான நேவிகேஷன் பேனின் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ஆப்ஜெக்ட்ஸ் தெரியும்படி வையுங்கள். ‘எம்சிஸ்காம்பாக்ட்’ (MSysCompact) என்று தொடங்கும் ஒரு டேபிள் இருக்கிறதா பாருங்கள். ரிப்பேரால் மீட்க முடியாததை ஆக்சஸ் அதில்தான் குறித்துவைக்கும், எந்த டேபிளில் என்ன பிழை என்பது உட்பட. அது ஒரு சிஸ்டம் டேபிள் என்பதால் வழக்கமான பட்டியலில் கண்ணில் படாமல் போகும், ‘பிழையே வரவில்லை’ என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த டேபிள் இல்லை, ரெக்கார்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது என்றால் நேராகப் படி 11-க்குப் போகலாம்.

7. புதிய காலி ஃபைலுக்கு இறக்குமதி

ரிப்பேர் ஆன ஃபைல் திறக்கிறது, ஆனால் நடுநடுவே பிழை வருகிறது என்றால் அதையே திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்வதில் பயன் இல்லை. ஃபைலின் உள் பட்டியல்களிலேயே சேதம் இருக்கலாம். அதை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே இருப்பவற்றை மட்டும் புது ஃபைலுக்கு எடுத்துவர வேண்டும்.

காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, எக்ஸ்டர்னல் டேட்டா வழியாக ஆக்சஸ் ஃபைலிலிருந்து இறக்குமதி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்தால், ஒரு டேபிள் உதைத்தாலும் மொத்தமும் நின்றுவிடும், எது உதைத்தது என்றும் தெரியாது. முதலில் டேபிள்கள், அதுவும் இரண்டு மூன்றாக. அப்புறம் க்வெரிகள் (டேபிள்களில் தேடவும் மாற்றவும் எழுதும் கட்டளைகள்), கடைசியில் ஃபார்ம், ரிப்போர்ட், மாட்யூல். டேபிள்களுக்கு இடையிலான ரிலேஷன்ஷிப்புகளும் வர, ஆப்ஷன்ஸ் பட்டனில் அந்தக் குறி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து டேபிள்களும் ஒன்றாக வந்தால்தான் அந்த உறவு வரும், மற்றவற்றைக் கையால் போட வேண்டியிருக்கும்.

8. ஒரே ஒரு டேபிள் வர மறுத்தால்

பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். வர மறுப்பதும் வழக்கமாக முக்கியமான டேபிளாகவே இருக்கும், ஏனென்றால் அதிகம் எழுதப்படுவது அதில்தான்.

ஆக்சஸ் 2000 முதல் ஃபைல் 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ரெக்கார்டுகள் இந்தப் பக்கங்களில் இருக்கும். நீண்ட குறிப்பு எழுதும் மெமோ ஃபீல்டு, அதாவது இன்றைய லாங் டெக்ஸ்ட், நீளம் கூடினால் தனிப் பக்கத்துக்குப் போய்விடும். ரெக்கார்டில் அந்தப் பக்கத்தின் முகவரி மட்டும் இருக்கும். எழுதும்போது நெட்வொர்க் அறுந்தால் அந்த முகவரி தவறான இடத்தைக் காட்டத் தொடங்கும். தேடிய கீ எந்த ரெக்கார்டிலும் இல்லை என்று சொல்லும் 3709 பிழை வந்தால் முதலில் மெமோ ஃபீல்டைச் சந்தேகப்படுங்கள்.

இனி செய்ய வேண்டியது:

முதலில் டேபிளின் அமைப்பை மட்டும் புது ஃபைலுக்குக் கொண்டுவாருங்கள். இறக்குமதி ஆப்ஷன்ஸில் ‘டெஃபினிஷன் ஒன்லி’ அதற்குத்தான். பேக்கப் இருந்தால் அதிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

அப்புறம் உடைந்த டேபிளை லிங்க் செய்யுங்கள். ஒரு அப்பெண்ட் க்வெரி (ரெக்கார்டுகளை இன்னொரு டேபிளில் சேர்க்கும் க்வெரி) எழுதி, மெமோ ஃபீல்டுகளை விட்டுவிட்டு மற்ற எல்லா ஃபீல்டுகளையும் சேருங்கள். ப்ரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனி அடையாளமாக, இருக்கும் ஆட்டோநம்பரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். எண்ணை ஆக்சஸே போட்டுக்கொள்ளும் என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால் எல்லா ரெக்கார்டும் புது எண் பெறும், அந்த எண்ணை நம்பியிருக்கும் மற்ற டேபிள்களில் ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயரில் போய் உட்காரும். அப்பெண்ட் க்வெரி பழைய ஆட்டோநம்பர் மதிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

க்வெரி பிழையோடு நின்றால் ப்ரைமரி கீயை வைத்துத் துண்டு போடுங்கள்: 1 முதல் 5000 வரை, 5001 முதல் 10000 வரை என்று. உதைக்கும் துண்டைப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியில் உதைப்பதை மறுபடி பாதியாக்குங்கள். 5000 ரெக்கார்டில் கெட்டதை 13 தடவைக்குள் பிடித்துவிடலாம். கெட்ட ரெக்கார்டின் இருபுறமும் இருப்பவை பத்திரமாக வந்துவிடும்.

ரெக்கார்டை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸே கெட்டிருந்தால் இந்தத் துண்டு போடும் முறை தவறான எண்ணிக்கை தரும். அப்போது நிபந்தனையில் கீ ஃபீல்டோடு ஒரு பூஜ்யத்தைக் கூட்டி எழுதுங்கள். மதிப்பு மாறாது, ஆனால் ஆக்சஸ் இண்டெக்ஸைப் பயன்படுத்தாமல் டேபிளை நேரடியாகப் படிக்கும். இரண்டு விதமாகவும் ஓட்டி எண்ணிக்கையை ஒப்பிட்டால் சேதம் இண்டெக்ஸிலா ரெக்கார்டிலா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக மெமோ. தனியாக ஒரு அப்டேட் க்வெரியில், கீயைப் பொருத்தி, இதேபோல் துண்டு துண்டாக எடுங்கள். வராத ரெக்கார்டுகளின் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளை அலுவலகத்தில் இருப்பவர்கள் கையால் மறுபடி பதிய வேண்டியிருக்கும், எவை என்று அவர்களிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

9. ஃபார்மும் கோடும் மட்டும் கெட்டிருந்தால்

காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் பெரிதும் டேபிள்களைத்தான் கவனிக்கும். டேபிள்கள் நன்றாக இருந்து, ஒரு ஃபார்மைத் திறந்தால் மட்டும் ஆக்சஸ் மூடிக்கொள்கிறது என்றால், கம்பைல் செய்து வைத்த கோடு கெட்டிருக்கலாம். ஆக்சஸை ரன் பெட்டியிலிருந்து, ஃபைலின் பாதையைக் கொடுத்து, முடிவில் ஒரு சாய்கோடும் ‘டீகம்பைல்’ என்ற சொல்லும் (/decompile) ஆங்கிலத்தில் சேர்த்துத் திறங்கள், ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி. பழைய கம்பைல் மிச்சம் நீங்கிவிடும். பிறகு விபிஏ எடிட்டரில் டீபக் மெனுவில் கம்பைல், அதன்பின் ஒரு காம்பாக்ட். மைக்ரோசாஃப்ட் முறையாக ஆவணப்படுத்தாத வசதி இது, எனவே காப்பியில் மட்டும் செய்யுங்கள்.

10. ஆக்சஸ் திறக்கவே மறுத்தால்

பைட்டுகளை அப்படியே காட்டும் ஒரு ஹெக்ஸ் வியூவரில் ஃபைலின் தொடக்கத்தைப் பாருங்கள். எம்டிபி-யில் ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்றும், ஏசிசிடிபி-யில் ‘ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி’ என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். ஃபைல் முழுக்கவும் பூஜ்யமாக இருந்தால் உள்ளே மீட்க எதுவும் இல்லை, பேக்கப்பைத் தேடுவதே வழி.

உள்ளே ஏதோ இருக்கிறது, ஆக்சஸ்தான் மறுக்கிறது என்றால் ‘எம்டிபி டூல்ஸ்’ என்ற இலவச லினக்ஸ் கருவியை முயலுங்கள். ஆக்சஸின் எஞ்சினை நம்பாமல் தானே ஃபைலைப் படித்து, டேபிள்களை ஒவ்வொன்றாக சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) ஆக வெளியே தரும். ஃபார்ம்களும் கோடும் அதில் கிடைக்காது. அந்த சிஎஸ்வி-யை ஆக்சஸுக்குள் கொண்டுவரும்போது விஸார்டில் அட்வான்ஸ்டு அழுத்தி, கோடு பேஜை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகிவிடும். ஆக்சஸிலிருந்து டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுமதி செய்யும்போதும் இதே இடத்தைக் கவனியுங்கள், இல்லாவிட்டால் அங்கே தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

விலைக்கு விற்கும் ரிப்பேர் மென்பொருள்களில் பலவற்றுக்கு இலவச டெமோ உண்டு. டெமோவில் டேபிள் பெயர்கள் வந்ததைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்களுக்குச் சிக்கல் தந்த டேபிளைத் திறந்து, கடைசி வாரத்து ரெக்கார்டுகள், தமிழ் ஃபீல்டு, மெமோ ஃபீல்டு மூன்றும் முன்னோட்டத்தில் படிக்கும்படி இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஃபைலை இணையத்தில் ஏற்றச் சொல்லும் சேவைகளை வாடிக்கையாளர் விவரம் உள்ள ஃபைலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

11. எல்லாம் வந்ததா என்று பாருங்கள்

ஒவ்வொரு டேபிளின் ரெக்கார்டு எண்ணிக்கையையும் பழையதோடும் பேக்கப்போடும் ஒப்பிடுங்கள். முதலில் வாங்கிவைத்த அச்சு ரிப்போர்ட்டை புது ஃபைலில் அதே தேதிகளுக்கு ஓட்டி, மொத்தத் தொகை ஒத்துவருகிறதா பாருங்கள்.

டிசைன் வியூவில் எல்லா டேபிளிலும் ப்ரைமரி கீ இருக்கிறதா? ஒரே கீ இரண்டு ரெக்கார்டில் இருந்தால் ரிப்பேரால் அந்த இண்டெக்ஸை மறுபடி கட்ட முடியாது. கீயும் போய்விடும், அதை நம்பிய ரிலேஷன்ஷிப்பும் போய்விடும். ‘ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்’ விஸார்டில் இரட்டைகளைக் கண்டுபிடித்து, எது சரி என்று அலுவலகத்தில் கேட்டு நீக்கிய பிறகு கீயைப் போடுங்கள். ‘ஃபைண்ட் அன்மேட்ச்டு’ விஸார்டில் பில் தலைப்பு இல்லாத பில் வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். அவை இருந்தால் தலைப்பு டேபிளில் ரெக்கார்டு தொலைந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு சோதனை ரெக்கார்டு சேர்த்து, ஆட்டோநம்பர் ஏற்கெனவே உள்ள மிகப்பெரிய எண்ணுக்கு மேல் வருகிறதா என்றும் பாருங்கள். துண்டு துண்டாகச் சேர்த்த டேபிளில் அது பழைய எண்ணிலிருந்து தொடங்கிவிடக்கூடும். ஒரு தடவை காம்பாக்ட் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

12. மறுபடி பயன்பாட்டுக்கு விடும்போது

உடைந்த ஃபைலின் பெயரை மாற்றி வேறு ஃபோல்டரில் வையுங்கள், அழிக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடியும் வரை இருக்கட்டும்.

எல்லோரும் ஒரே ஃபைலை நெட்வொர்க்கில் திறப்பதாக இருந்தால், இப்போதே டேட்டாபேஸ் ஸ்ப்ளிட்டரால் இரண்டாகப் பிரியுங்கள். டேபிள்கள் மட்டும் சர்வரில், ஃபார்மும் கோடும் ஒவ்வொருவர் கணினியிலும். வைஃபையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து பதிவு செய்வதை நிறுத்துங்கள், கேபிள் போடுங்கள். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கொடுங்கள். சர்வருக்கு மட்டும் கொடுத்து ஸ்விட்சை விட்டுவிட்டால், கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டு பாதியில் அறுபடும். பின்பக்க ஃபைலை ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரில் வைக்கவே கூடாது.

நெட்வொர்க்கில் உள்ள ஃபைல் ‘சீரற்ற நிலையில்’ இருப்பதாக வாரம்தோறும் எச்சரிக்கை வந்தால் ரிப்பேர் மட்டும் தீர்வாகாது. 2018-இல் வந்த விண்டோஸ் 10 மாற்றங்களுக்குப் பிறகு, நெட்வொர்க் பகிர்வில், ஃபைல் தகவலைக் கணினி தன்னிடம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ‘லீசிங்’ என்ற ஏற்பாட்டால் இது நடந்தது. முதலில் எல்லாக் கணினிகளிலும் ஆபீஸை அப்டேட் செய்யுங்கள், அதன்பிறகும் தொடர்ந்தால் சர்வரில் லீசிங்கை அணைக்கும்படி சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.

ஃபைல் 2 ஜிபி-யைத் தாண்ட முடியாது, அதை நெருங்கும்போதே சிக்கல் தொடங்கும். அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். ‘காம்பாக்ட் ஆன் க்ளோஸ்’ வசதியைப் பகிர்ந்த ஃபைலில் அணைத்துவையுங்கள். அதற்குப் பதிலாக, எல்லோரும் வெளியேறிய மாலை ஒன்றில், முதலில் காப்பி எடுத்துவிட்டு, படி 6-இல் சொன்னபடி வேறு பெயரில் காம்பாக்ட் செய்து, எண்ணிக்கையைப் பார்த்த பிறகு மாற்றிவையுங்கள்.